கிருமி போன வயிறு

மாசி வெங்காயம் கிண்டத் தொடங்கிய முதல் நாள், பத்து மணிக்குத் தோட்டத்துக்குச் சாப்பாடு வந்தபோது, பத்மாவதி குனிந்திருந்த நாரியை நிமிர்த்திக்கொண்டு வரம்புக்கு வந்து தட்டுகளைப் பார்த்தார். ஐந்து தட்டுகள். ஒவ்வொன்றிலும் அளந்து வைத்ததுபோலச் சோறு, ஓரத்தில் கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு மீன்துண்டு, ஒரு கரண்டி. பத்மாவதி மூன்று ஆண்டுகள் கரவெட்டியில் மகளோடு இருந்துவிட்டு, இந்தப் போகத்துக்குத்தான் பண்டத்தரிப்புக்குத் திரும்பி, தம்பிஐயாவின் தோட்டத்தில் பழையபடி கூலிக்கு இறங்கியிருந்தார்.

"என்ன அக்கா, கலியாண வீட்டிலைகூட எனக்கு இவ்வளவு மரியாதை செய்யமாட்டினம்," என்றார். "உங்கடை குழையல் எங்கை? அதை நம்பித்தானே விடிய வெறும் தேத்தண்ணியோடை வந்தனான்."

தட்டுகளைச் சுமந்து வந்த மகாதேவி கரண்டிகளை நேராக்கி வைத்தார். அவருடைய மருமகள் சுவர்ணாதான் வெயில் தொப்பியைக் கழற்றிவிட்டு, மிகவும் பணிவாக விடை சொன்னாள்.

"இப்ப குழையல் இல்லை, பத்மாக்கா. எல்லாருக்கும் வேறை வேறையாய்த்தான்."

"ஏன் பிள்ளை, வீட்டிலை சண்டையோ?"

"சண்டை இல்லை. சுகாதாரம்."

"அப்பிடியோ. நான் கரவெட்டிக்குப் போகேக்கை அந்த ஆள் இந்த வீட்டிலை இருக்கேல்லை."

மகாதேவியின் கணவர் தம்பிஐயா வாயில் சோற்றோடு சிரித்துப் புரைக்கேறினார். மகன் சுபாங்கன் சிரிக்கவில்லை. அவன் தட்டில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை அழுத்தியபடி கிணற்றடிக்குப் போய்ப் புளித்தண்ணீரைத் துப்பினான். மகாதேவி அதைக் கண்டார். மற்றவர்கள் காணவில்லை, அல்லது காணாதவர்கள்போல இருந்தார்கள்.

குழையல் என்பது பெரிய சமையல் என்று எவரும் சொல்லமாட்டார்கள். முதல்நாள் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைப் பிழிந்து மண்சட்டியில் இட்டு, தயிரும் வற்றிய மீன்குழம்பும் அரிந்த சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, அரைத் தேசிக்காயையும் பிழிந்துவிட்டுக் கையால் குழைக்க வேண்டும். குழைத்தவர் நடுவில் இருப்பார். சுற்றி இருப்பவர்கள் கையை நீட்டுவார்கள். உள்ளங்கையில் ஒவ்வொரு திரளையாகச் சோறு வந்து விழும். காரத்துக்கும் ஒழுகும் சாற்றுக்கும் பயந்தவர்கள் பூவரசமிலையைப் பறித்து அதில் ஏந்துவார்கள். சட்டி ஒன்றுதான் என்றாலும் திரளை ஒன்றல்ல. தம்பிஐயாவுக்கு மிளகாய் கூடிய இடத்தில் அள்ள வேண்டும். சுபாங்கனுக்கு மிளகாயை விரலால் விலக்கி, மீன் முள் பார்த்து, மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகத் திரட்ட வேண்டும். அந்த அளவுகளெல்லாம் மகாதேவியின் விரல்களுக்கு மனப்பாடம். சுபாங்கன் முப்பத்தொரு வயதில் கலியாணம் முடித்த மறுநாட் காலையும், பட்டு வேட்டியோடு குசினிக்குள் வந்து கையை நீட்டியவன்.

அதன் பிறகு எட்டு மாதங்கூட ஆகுமுன், மகாதேவிக்குச் சோறு இறங்காமற் போயிற்று. இரண்டு வாய் உண்டால் வயிறு கல்லாகிவிடும். நகரத்து ஆசுபத்திரியில் தொண்டை வழியாகக் கமரா விட்டுப் பார்த்து, வயிற்றில் ஒரு கிருமி குடியிருக்கிறது என்றார்கள். பதினான்கு நாள் காலையும் மாலையும் கைநிறைய மருந்துக் குளிசை. வாய் முழுவதும் பித்தளைச் செம்பை நக்கியதுபோலக் கிடந்தது. வீட்டில் உள்ளவர்களையும் சோதிப்பது நல்லது என்று டொக்டர் சொன்னதனால், சுபாங்கனும் சுவர்ணாவும் மலத்தைச் சிறு போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தம்பிஐயா மறுத்துவிட்டார்.

"அதைப் போத்தலிலை அடைச்சு, மடியிலை வைச்சுக்கொண்டு, பஸ்ஸிலை பண்டத்தரிப்பாரோடை சுகம் விசாரிச்சுக்கொண்டு போற சீவியம் எனக்கு வேண்டாம்," என்பது அவருடைய முடிவு.

சுவர்ணாவுக்குக் கிருமி இல்லை. சுபாங்கனுக்கு இருந்தது. அவனுக்கும் அதே குளிசைகளைக் கொடுத்தார்கள். சுவர்ணா இரண்டு நாட்கள் கைத்தொலைபேசியில் வாசித்துக்கொண்டேயிருந்தாள். மூன்றாம் நாள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"மாமி, குறை நினைக்காதையுங்கோ. உந்தக் கிருமி வாயாலையும் கையாலையும்தான் பரவுதாம். சின்ன வயசிலை தாயிட்டை இருந்துதான் பிள்ளையளுக்குக் கூடுதலாய் வாறதாம். நான் உங்களைக் குற்றம் சொல்லேல்லை."

அவள் குற்றம் சொல்லவில்லை என்பது உண்மையே. கரண்டிகள் வாங்கினாள். மகாதேவியின் கோப்பைக்கு அடியில் நகப்பூச்சினால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். குளிசை முடிந்து மறுபடி சோதித்தபோது தாய்க்கும் மகனுக்கும் கிருமி இல்லை என்று வந்தது. கரண்டிகள் மட்டும் போகவில்லை. "கிருமி போயிட்டுதெல்லே தம்பி, ஒருநாளைக்குக் குழைக்கட்டோ?" என்று மகாதேவி ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "பிறகு பாப்பம் அம்மா," என்றான் மகன். அந்தப் பிறகுக்கு இப்போது மூன்று வயது.

மூன்று ஆண்டுகளில் இன்னொரு கமரா விட வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தது. வயிற்றின் உட்தோல் மாறியிருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்று அன்றே விளக்கியிருந்தார்கள். மகாதேவியும் தலையாட்டியிருந்தார். ஆனால் அவருடைய மனம் அதை வேறுவிதமாக எழுதி வைத்துக்கொண்டது. கிருமி திரும்பவில்லை என்று உறுதிப்படுத்தவே இரண்டாவது கமரா, அதில் தேறிவிட்டால் தன் கை தனக்குத் திரும்பக் கிடைத்துவிடும் என்று நம்பினார். வயிற்றை அவர் பெரிதாக நினைக்கவில்லை. அந்தக் கைக்காகத்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

தை மாதத்தில் கமரா விட்டு, உள்ளே நான்கைந்து இடத்தில் துளித்துளியாகத் தசை கிள்ளி எடுத்திருந்தார்கள். முடிவு சொல்லும் நாள், வெங்காயம் கிண்டத் தொடங்கியதற்கு இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை வந்தது. தம்பிஐயா துணைக்குப் போனார். நெல்லியடியைச் சேர்ந்த அந்த டொக்டர் இளம் பெண். நோயாளரின் முகத்தைப் பார்த்துக் கதைக்கும் பழக்கம் உள்ளவர்.

"முதலிலை நல்ல செய்தி, அம்மா. கிருமி திரும்ப வரேல்லை. இந்தாங்கோ, சோதனை முடிவு எழுதின துண்டு."

மகாதேவி அதை இரு கையாலும் வாங்கினார். "அப்ப என்ரை கையிலை ஒண்டும் இல்லைத்தானே, டொக்டர்?"

"கையிலையோ?"

"உவ சோறு குழைக்கிறதைக் கேக்கிறா," என்றார் தம்பிஐயா. "மூண்டு வரியமாய் எங்களுக்கு வீட்டிலை ஆசுபத்திரிச் சாப்பாடு."

"கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வடிவாய்க் குழையுங்கோ," என்று டொக்டர் சிரித்தார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்தார். "இனிச் சொல்லுறதைக் கவனமாய்க் கேளுங்கோ. அந்தக் கிருமி கன வரியமாய் இருந்து வயித்தின்ரை உட்தோலைப் புண்ணாக்கினது. புண் ஆறும், திரும்பப் புண்ணாகும். அப்பிடியே இருந்து, அந்த இடத்திலை வயித்துத் தோலுக்குப் பதிலாய்க் குடலின்ரை தோல் மாதிரி ஒண்டு வந்திட்டுது. கிருமியைக் கொண்டிட்டம். தோல் பழையபடி வரேல்லை."

"மூண்டு வரியம் காணாதோ?"

"சில பேருக்குத் திரும்பும். சில பேருக்குத் திரும்பாது. உங்களுக்கு அந்த இடம் முந்தியைவிடப் பெருத்திருக்கு. கிள்ளின தசை ஒண்டிலை, அதின்ரை சின்னச் சின்னக் கலங்களும் சாடையாய்க் குழம்பியிருக்கு. இது புற்றுநோய் இல்லை, அம்மா. அந்தப் பக்கம் போகுதோ எண்டு காவல் இருக்கவேணும். இனி ஆறு மாசத்திலை கமரா."

மகாதேவி சோதனைத் துண்டை நான்காக மடித்தார். டொக்டர் கொப்பியைப் புரட்டினார்.

"உங்கடை கூடப்பிறந்தவையிலை ஆருக்கும் வயித்திலை புற்றுநோய் இருந்ததோ?"

"இல்லை. எங்கடை அண்ணை மட்டும் வன்னியிலை, இடம்பெயர்ந்திருக்கேக்கை செத்தவர். சாப்பிட ஏலாமல், சத்தியெடுத்து, வயிறு ஊதி."

"அது என்ன வருத்தமெண்டு சொன்னவை?"

"தறப்பாள் கூடாரத்துக்குக் கீழை கிடந்த மனிசன், டொக்டர். அப்ப ஆர் உள்ளுக்கை பாத்தது?"

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். "மகனுக்கும் கிருமி இருந்ததெண்டு இதிலை கிடக்கு. அவருக்குக் கமரா விட்டதோ?"

"இல்லை. குளிசை மட்டும்தான் தந்தவை."

"இப்ப அவருக்கு வயித்திலை ஏதும் கரைச்சல் இருக்கோ?"

"அவன் நல்ல சுகம்," என்றார் தம்பிஐயா.

"எரியுது," என்றார் மகாதேவி. "என்னட்டைச் சொல்லமாட்டான். புளித்தண்ணி துப்புறவன். பாதிச் சாப்பாடுதான். காச்சட்டை இடுப்பிலை நிக்குதில்லை."

"அப்ப கூட்டிக்கொண்டு வாங்கோ. வாற செவ்வாய்க்கிழமைக்குப் பெயரைப் போடுறன். பயப்பிடுத்தவேண்டாம். ஆனால் பிந்தவேண்டாம்."

எழுந்த மகாதேவி மறுபடி கதிரையில் இருந்தார். "எல்லாம் என்னிலை இருந்துதான் வந்ததோ, டொக்டர்?"

"அதை ஒருத்தராலும் சொல்ல ஏலாது, அம்மா. தாயிட்டை இருந்தும் வந்திருக்கலாம், தகப்பனிட்டை இருந்தும் வந்திருக்கலாம், தண்ணியாலையும் வந்திருக்கலாம். ஐயா சோதிச்சனீங்களோ?"

தம்பிஐயா சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். "எனக்குக் கல்லைத் திண்டாலும் செமிக்கும்," என்றார்.

பஸ்ஸில் சன்னலோரம் மனைவியை இருத்திவிட்டுத் தம்பிஐயா வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். வானம் கிழக்கே கறுத்திருந்தது. பருவம் தப்பிய மழை ஒன்று விழுந்தால் மண்ணுக்குள் கிடக்கும் வெங்காயம் அழுகிவிடும்.

"இஞ்சாரும். உதை இப்ப வீட்டிலை கதைக்காதையும்."

"எதை?"

"பொடியனுக்குக் கமரா விடுற கதையை. அரைவாசி வெங்காயம் மண்ணுக்கை கிடக்கு. கிண்டி, பிடி பிடியாய்க் கட்டி, கொட்டிலிலை தூக்கிப்போட்டுப் பாப்பம்."

"செவ்வாய்க்கிழமை எண்டெல்லே சொன்னவ."

"செவ்வாய் ஒவ்வொரு கிழமையும் வரும்." அவர் குரலைத் தணித்தார். "சொன்னால் என்ன நடக்கும் எண்டு யோசியும். அந்தப் பிள்ளை சுவர்ணா திரும்பவும் உம்மைத்தான் ஒரு மாதிரிப் பாப்பாள். மூண்டு வரியத்துக்குப் பிறகு உமக்கொரு துண்டு கிடைச்சிருக்கு. அதைக் காட்டும். குழையலைக் குழையும். நாலு நாளைக்கு மனிசர் மாதிரி இருப்பம்."

"நீங்கள் அண்டைக்குச் சோதிச்சிருந்தால்..."

"சோதிச்சிருந்தால்?"

"ஒண்டுமில்லை."

"எனக்கும் இருந்திருந்தால் உமக்குப் பாரம் குறைஞ்சிருக்கும். அதைத்தானே சொல்ல வாறீர்?"

"ஓம்," என்றார் மகாதேவி. "பாதி குறைஞ்சிருக்கும்."

முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவர் கணவரிடம் இப்படிச் சொன்னதில்லை. தம்பிஐயா இறங்கும்வரை முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் எல்லாம் தம்பிஐயா சொன்னபடியே நடந்தது. அவரே துண்டை எடுத்து மருமகளிடம் நீட்டினார். சுவர்ணா அதைத் தன் கண்ணால் வாசித்தாள். மறுபுறமும் திருப்பிப் பார்த்தாள்.

"நெகட்டிவ் எண்டுதான் கிடக்கு. நல்லம், மாமி. வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஆறு மாசத்தாலை ஒருக்கா வரட்டாம். சும்மா பாக்கிறதுக்கு," என்றார் தம்பிஐயா.

கிளினிக் கொப்பி மகாதேவியின் பைக்குள்ளேயே இருந்தது. அவர் பையைக் கீழே வைக்கவில்லை.

சுவர்ணா உள்ளே போய் அந்தக் கோப்பையைக் கொண்டுவந்தாள். அடியில் இருந்த சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்டினாள். பாதி போயிற்று. "எனக்குப் பயம் மாமி, அதுதான். உங்களை நோகடிக்கவேணும் எண்டு செய்யேல்லை," என்றாள். அவள் நல்ல பிள்ளை என்பதை மகாதேவி எக்காலத்திலும் மறுத்ததில்லை. அதனாலேயே அவளோடு ஒருநாளும் சண்டை பிடிக்க முடியாமற் போயிருந்தது.

தோட்டத்திலிருந்து வந்த சுபாங்கன் செய்தியைக் கேட்டுவிட்டுத் தாயைப் பார்த்துச் சிரித்தான். கன்னம் ஒட்டியிருந்ததனால் அந்தச் சிரிப்பு மகாதேவிக்கு, செத்துப்போன அண்ணையின் சிரிப்பாக இருந்தது.

"அப்ப நாளைக்குத் தோட்டத்துக்குக் குழையல் கொண்டுவாங்கோ, அம்மா. பத்மாக்காவின்ரை வாயை அடைக்கவேணும்."

"கொண்டுவாறன், ராசா."

அன்றிரவு மகாதேவி அரிசியைக் கூடுதலாகப் போட்டார். வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடினார். சூடைமீனைப் புளி விட்டு வற்றக் காய்ச்சினார். கைகள் தம்பாட்டில் வேலை செய்தன. சாப்பிட்டு முடியட்டும், அதற்குப் பிறகு சொல்லலாம் என்று எண்ணினார். ஒரு நாளைக்கு மட்டும் அந்தக் கை நீளட்டும். வெள்ளிக்கிழமை சொன்னாலும் செவ்வாய்க்கு நாள் இருக்கிறது. வெங்காயம் கிண்டி முடிந்தபின் சொன்னாலும் அடுத்த செவ்வாய் இருக்கிறது. கணவரின் சொற்கள் தன் வாய்க்குள்ளேயே ஊறி வருவதை உணர்ந்து அகப்பையை இறக்கி வைத்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வானம் மப்பாக இருந்தது. கிண்டிய வெங்காயம் தாளோடு பாத்தி பாத்தியாகக் கிடந்தது. அதன் வாசம் கண்ணைக் கரித்தது. மகாதேவி தொட்டியில் சவுக்காரம் போட்டு முழங்கைவரை கழுவினார். எல்லாரும் பார்க்கக் கழுவினார். சட்டியை வேம்புக்குக் கீழே வைத்துக் குழைத்தார். தயிர் சோற்றுக்குள் இறங்கி, மீன்குழம்பின் நிறம் மாறி, வெங்காயம் நொறுங்கும் சத்தம் விரலுக்குள் கேட்டது.

"அரங்கேற்றம் தொடங்கீற்று," என்று பத்மாவதி முதல் ஆளாகக் குந்தினார். "எனக்கு முதல் தாங்கோ அக்கா. கரவெட்டியிலை என்ரை மருமோன் பாணைத் தேத்தண்ணியிலை தோச்சுத் தந்து மூண்டு வரியத்தை ஓட்டிப்போட்டான்."

அவருக்கு ஒரு திரளை. தம்பிஐயாவுக்கு மிளகாயோடு ஒரு திரளை. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். சுவர்ணாவும் வந்து இருந்து, கொஞ்சம் கூச்சத்தோடு கையை நீட்டினாள். அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று மகாதேவியின் விரல்களுக்குத் தெரியாது. சிறிதாகத் திரட்டி வைத்தார்.

சுபாங்கன் கிணற்றடியிலிருந்து வந்தான். வாயைக் கழுவித் துடைத்திருந்தான். கண்கள் சிவந்து நீர் கட்டியிருந்தன. வெங்காயத்தினால் வந்த சிவப்பல்ல அது. ஓங்காளித்தவனின் கண்ணை மகாதேவிக்குத் தெரியும். அவன் தாய்க்கு எதிரே சப்பாணி கட்டி இருந்து, பூவரசமிலையை உள்ளங்கையில் விரித்து நீட்டினான்.

மகாதேவி மிளகாயை விலக்கினார். முள் பார்த்தார். பெரிதாகத் திரட்டினார். திரளை கையிலேயே இருந்தது.

"தாங்கோ அம்மா."

"தம்பி, டொக்டர் உன்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ. கமரா விட்டுப் பாக்கவேணுமாம்."

"இஞ்சாரும்," என்றார் தம்பிஐயா.

"என்னையோ? ஏன், அதுதான் கிருமி இல்லையே."

"கிருமி இல்லை. எனக்கு உட்தோல் மாறிப்போச்சாம். கிருமி போயும் அது திரும்பேல்லை, இன்னும் கூடியிருக்காம். உனக்கும் அதே கிருமி இருந்தது. உன்ரை வயித்துக்குள்ளை இன்னும் ஒருத்தரும் பாக்கேல்லை. நீ துப்புறதை நான் காணுறன், தம்பி. எங்கடை அண்ணையும் உப்பிடித்தான் துப்பினவர்."

பத்மாவதி மெல்லுவதை நிறுத்தினார். சுபாங்கன் தன் கையிலிருந்த இலையைப் பார்த்தான். அதை நடுவால் மடித்தான். பிறகு மறுபடியும் மடித்தான். அவன் அதை வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை.

சுவர்ணா தன் திரளையில் ஒரு வாய் மட்டும் உண்டிருந்தாள். மிச்சத்தைச் சட்டி ஓரத்தில், சத்தம் வராமல், மரியாதையாக வைத்தாள்.

"இதை நேற்றே சொல்லியிருக்கலாம், மாமி."

"ஓம் பிள்ளை. சொல்லியிருக்கலாம்."

"அந்தத் துண்டை மட்டும்தானே காட்டினனீங்கள்."

"ஓம்."

"நான்தான் சொல்லவேண்டாம் எண்டனான்," என்றார் தம்பிஐயா. அவர் சொன்னதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சுவர்ணா எழுந்து போய்க் கை கழுவினாள். வாளித் தண்ணீர் முழுவதும் தீரும்வரை கழுவினாள்.

"எப்ப போகவேணும்?" என்று சுபாங்கன் கேட்டான்.

"செவ்வாய்க்கிழமை. முதல்நாள் இரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணியும் கூடாது. நான் கூட வாறன். எனக்கு அந்த இடமெல்லாம் தெரியும்."

"வேண்டாம் அம்மா." அவன் கோபமாகச் சொல்லவில்லை. "சுவர்ணா வருவா."

மகாதேவி தலையசைத்தார். அவன் எழப் பார்த்தான். அவர் இடது கையால் அவன் முழங்காலைத் தொட்டு மறித்தார்.

"அப்ப இதைக் கேள். தொண்டைக்கு மருந்தடிப்பினம், கசக்கும். அதைத் துப்பிப்போடாதை. பிறகு இடப்பக்கம் சரிஞ்சு படுக்கச் சொல்லுவினம். வாயிலை ஒரு வளையம் வைப்பினம். குழாயை உள்ளுக்கை விடேக்கை விழுங்கச் சொல்லுவினம். அப்ப விழுங்கவேணும். நீ பல்லைக் கடிப்பாய், எனக்குத் தெரியும். கடியாதை. மூக்காலை மூச்சு விடு. சத்தி வாற மாதிரி இருக்கும், வராது. அவசரப்படாமல், அவை சொல்லச் சொல்ல, கொஞ்சம் கொஞ்சமாய் விழுங்கு."

அவன் சின்னப் பிள்ளைபோல வாயைச் சற்றுத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடிந்ததும், "ஓம் அம்மா," என்று எழுந்து பாத்திக்குப் போனான். கிழக்கே மழை இருண்டுகொண்டு வந்தது. தம்பிஐயாவும் மண்வெட்டியை எடுத்தார்.

மகாதேவியின் வலது கையில் மகனுக்குத் திரட்டிய சோறு காயத் தொடங்கியிருந்தது.